பண்டார அடுப்புக்கு முன்னால் புகைந்த பேட்டரி

பாடம் எடுப்பவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. சொன்னதையெல்லாம் தாங்களே செய்துவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள். எங்கள் கல்லூரி ரோபோ குழுவில் லித்தியம் பேட்டரிப் பாதுகாப்புக்கு நான்தான் டீச்சர். 'அதற்கென்று உள்ள சார்ஜரில் மட்டும் போடு, வீங்கியதை உபயோகிக்காதே, பக்கத்தைவிட்டு நகராதே' என்று ஜூனியர்களை மிரட்டி வைத்திருந்தேன்.

ரோபோ போட்டிக்கு முதல் நாள் ஆற்றுகால் பொங்காலை, பெண்கள் தெருவிலேயே அடுப்பு வைத்து அம்மனுக்குப் பொங்கலிடும் நாள். வலியசாலையில் எங்கள் தெரு முழுக்கச் செங்கல் அடுப்புகள். கோவிலின் முதல் அடுப்பான பண்டார அடுப்பை மூட்டி, அந்தத் தீ கைமாறிக் கைமாறி வந்த பிறகுதான் மற்றவர்கள் பற்றவைக்கலாம். என் ரோபோ ஜெயிக்க வேண்டும் என்று நேர்ந்துகொண்டு, அம்மா புது மண்கலம் வாங்கி வைத்திருந்தாள்.

நான் என்ன செய்தேன்? லேசாக வீங்கியிருந்த பேட்டரியை ஏதோ பழைய பொம்மைக் காரின் சார்ஜரில் மாட்டிவிட்டு (என்னைவிட எவளுக்குத் தெரியும்?) செங்கல் தூக்கப் போனேன். திரும்பி வந்தால் அது பூரி மாதிரி உப்பிப் புகைந்துகொண்டிருந்தது. பிளக்கைப் பிடுங்கி, இடுக்கியால் பேட்டரியைத் தூக்கி, கண்ணில் பட்ட பானையில் போட்டு மணலைக் கொட்டினேன். புகை அடங்கவில்லை. பானையோடு வாசலுக்கு ஓடினேன். தெருவில் காலியாக இருந்தது அம்மாவின் அடுப்பு மட்டும்தான். அதன்மேல் வைத்தேன்.

பக்கத்து அடுப்பு கோமதி மாமி புகையைப் பார்த்துவிட்டாள். "தீ வந்துடுத்துடீ" என்று குரவையிட, தெருவே குரவையிட்டது. நெடுமங்காட்டிலிருந்து வந்திருந்த ஒரு மலையாளச் சேச்சி, தீ வாங்கிக்கொள்ளக் காய்ந்த ஓலையோடு என் பேட்டரியை நோக்கி நடந்தாள்.

கையை விரித்துக் குறுக்கே நின்றேன். "கிட்ட வராதீங்கோ. இது கோவில் தீ இல்லே, பேட்டரி."

"பேட்டரியிலயாடி பொங்காலை?" என்றாள் மாமி.

அம்மா பானையையே பார்த்தாள். "அது என் கலம்னா" என்றாள். அவள் கண் நிறைந்ததும் எனக்குப் போட்டியாவது மண்ணாவது என்று ஆகிவிட்டது.

சேச்சி ஓலையைக் கீழே போட்டாள். "கரயண்டா மாமீ, என்டெ கையில ஒரு கலம் கூடுதல் உண்டு" என்று அம்மாவை அழ வேண்டாமென்று தேற்றி, அதை நீட்டினாள்.

கோவில் தீ வந்தது, அம்மாவின் பொங்கல் பொங்கியது. மறுநாள் பேட்டரி இல்லாத என் ரோபோ அசையவில்லை.

இன்றும் அந்த மணல் பானையில் வைத்துத்தான், சரியான சார்ஜரோடு, பக்கத்திலேயே உட்கார்ந்து பேட்டரிகளைச் சார்ஜ் செய்கிறேன். அம்மா வருஷா வருஷம் இரண்டு கலம் வாங்குகிறாள். தீ கைமாறி வரும்போது கோமதி மாமி மட்டும் உடனே வாங்கமாட்டாள். என் பக்கம் திரும்பிக் கேட்பாள்: "இது கோவில் தீதானே, இல்லே உன்னோடதா?"