அப்பா என் சேலையைக் கட்டிய நாள்

எனக்குக் கராத்தே தெரியாது. இதை என் வாயாலேயே சொல்லும் தைரியம் வர முப்பத்தாறு வயதாகிவிட்டது.

கொட்டகலைப் பக்கம் கராத்தே மாஸ்டர் செல்வநாதன் என்றால் எல்லோருக்கும் தெரியும். சிங்களப் படங்கள் நாலைந்தில் வில்லனின் ஆளாக வந்து அடி வாங்கியவர். (அடி வாங்கினாலும் அழகாக விழுவார். பஜாரில் அதற்கே கைதட்டினார்கள்.) அவருடைய ஒரே மகள் நான். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் உதைக்கச் சொல்லிக்கொடுத்தவர், என் பயிற்சியை மட்டும் ஏழு வயதிலேயே நிறுத்திவிட்டார். காற்றை உதைக்கப் போய், நான் சிமெந்துத் தரையில் முன்பல்லைப் பறிகொடுத்திருந்தேன்.

"நீ ஆட்டம், பாட்டுன்னு போ புள்ள. ஒடம்பாவது மிஞ்சும்" என்றார்.

போனேன். பள்ளிக்கூட நாடகம், திருவிழா மேடை என்று வளர்ந்தேன். இருபத்திரண்டு வயதில், நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் தொலைக்காட்சிப் படம் எடுக்கக் கொழும்பிலிருந்து ஓர் இயக்குநர் வந்தார். கதாநாயகி கொழுந்து பறிக்கும் பெண். ஆறு ரவுடிகளை அடித்துத் துவைக்க வேண்டும்.

"மாஸ்டர்ட மகளா? அப்ப டெஸ்ட் ஒண்ணும் வேணாம் தங்கச்சி. ஃபைட் எல்லாம் தெரியும்தானே?"

தலையாட்டினேன். அதுதான் என் முதல் நடிப்பு.

படப்பிடிப்பன்று பஸ்ஸில் போகும்போதுதான், சண்டை தெரியும் என்று தலையாட்டிவிட்டதை அப்பாவிடம் சொன்னேன். அவர் பஸ் டிக்கெட்டை நாலாக மடித்தார்.

"ஆறு பேரா?"

"ஆறு பேருப்பா."

"மாஸ்டரு மகளுக்கே ஒதைக்கத் தெரியலைன்னா, என் கிளாஸுக்கு இனி எவன் வருவான்?"

சேலை, அது நனையாமலிருக்க இடுப்பைச் சுற்றிப் படங்குச் சாக்கு, முதுகில் கொழுந்துக் கூடை. முதல் உதையில் என் செருப்பு பறந்துபோய்க் கேமராக்காரரின் தேநீரில் விழுந்தது. இரண்டாவது உதையில் நானே பறந்தேன். மூன்று வரிசைத் தேயிலைக்குக் கீழே கிடந்த என்னை ஆறு ரவுடிகளும் சேர்ந்து தூக்கிவிட்டார்கள். ஒருவர் என் காலில் ஏறியிருந்த அட்டையையும் பிடுங்கிப் போட்டார்.

இயக்குநர் தலையில் கை வைத்தார். "இன்னைக்கு முடியாட்டி வேற பிள்ளைய வச்சுத்தான் எடுக்கணும்" என்றார்.

அப்பா இருமினார்.

"சார், முதுகு மட்டும் தெரிஞ்சா போதும்னா நான் பண்றேன்."

"மாஸ்டர், மீசை?"

"முதுகுல ஏதுங்க மீசை?"

பத்து நிமிடத்தில் என் சேலை அப்பாவின் இடுப்பில் இருந்தது. முதுகில் என் கொழுந்துக் கூடை, தலையில் சவரிமுடிக் கொண்டை, அதில் ஒரு செவ்வந்திப்பூ. பனிமூட்டத்துக்குள் ஆறு பேரும் சரசரவென்று சரிந்தார்கள். நான் ஒதுங்கி நின்று, பெருமையோடு என் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் தோட்ட வேலையை மேற்பார்வை செய்யும் கண்டாக்கு ஐயா மேல் ரோட்டிலிருந்து இறங்கி வந்தார். படம் எடுப்பதும் அவருக்குத் தெரியாது, பனியில் கேமராவும் தெரியவில்லை.

"ஏய், யாரும்மா அது தேயிலைய மிதிக்கிறது? எந்தக் கங்காணி ஆளு நீ?"

அப்பா திரும்பினார். செவ்வந்திப்பூவுக்குக் கீழே முறுக்கு மீசை.

கண்டாக்கு ஐயா ஒரு காலத்தில் அப்பாவிடம் கராத்தே படித்தவர். அவர் உடம்பு பழக்கதோஷத்தில் தானாக விறைத்தது. குதிகால்களைச் சேர்த்து இடுப்புவரை குனிந்தார். "மாஸ்டர்!"

அப்பாவும் பதிலுக்குக் குனிந்தார். முதுகுக் கூடையிலிருந்த கொழுந்து முழுவதும் அப்பாவின் தலையிலேயே கொட்டியது.

பக்கத்து மலையில் கொழுந்தெடுத்த பெண்கள் சிரித்த சிரிப்பு, நாங்கள் வீடு சேருமுன்னே கொட்டகலை போய்ச் சேர்ந்துவிட்டது.

அப்பா பயந்தபடி வகுப்பு காலியாகவில்லை. "சேலைய கட்டிக்கிட்டே ஆறு பேர சாய்ச்சவரு" என்று கூட்டம் இரண்டு மடங்கானது. செருப்பு பறந்த காட்சியை இயக்குநர் வெட்டாமல் வைத்திருந்தார். அதைப் பார்த்து எனக்கு நகைச்சுவை வேடங்கள் வரத் தொடங்கின. இன்றுவரை அதில்தான் பிழைக்கிறேன்.

படம் ஒளிபரப்பான வாரம் கொழும்பிலிருந்து வேறொரு படக் கம்பெனிக்காரர் பேசினார். அப்பாதான் போனை எடுத்தார்.

"அந்த ஃபைட் பண்ணின பிள்ளையோட கதைக்க ஏலுமா?"

பொய் சொல்ல வராத மனிதர். தொண்டையைச் செருமி, கனத்த குரலில் சொன்னார்: "நான்தாங்க அந்தப் புள்ள."

மறுமுனையில் போனை வைத்துவிட்டார்கள்.

இப்போதும் எனக்கு எங்கிருந்தாவது அழைப்பு வந்தால், அம்மா ரொட்டி மாவுக் கையோடு உள்ளே பார்த்துக் கேட்பார்:

"ஏங்க, புள்ளைய கேக்குறாங்க. நீங்க பேசுறீங்களா, இல்ல அவள கூப்பிடவா?"