தலை உள்ளே, வால் வெளியே

அன்புத் தம்பிக்கு (இப்படித் தொடங்குவது மரபு, அதற்கு மேல் அர்த்தம் எடுத்துக்கொள்ள வேண்டாம்) உன் மூத்தவன் எழுதுவது.

முதலில் நலம் விசாரிக்க வேண்டும். நான் நலமாக இல்லை, அது உனக்குத் தெரியும். நீ நலமாக இருக்கிறாய் என்பது எனக்கு நேற்றுத்தான் தெரியும். ஆஸ்பத்திரியில் டாக்டரே ரிப்போர்ட்டைக் காட்டிச் சொன்னார். உன் ரத்தம், உன் சர்க்கரை, உன் இரண்டு கிட்னி எல்லாம் மணி மணியாக இருக்கிறதாம். இப்போது எனக்கு வந்திருக்கும் சிக்கலே அதுதான். பதினோரு வருடமாகப் பேசாத உனக்குப் போன் போட்டால் பேசியதாகிவிடும் என்பதால் எழுதுகிறேன்.

உன் அண்ணி எனக்குத் தெரியாமல் உன்னைக் கூப்பிட்டதும், நீ மறுபேச்சில்லாமல் போய்ச் சோதனைக்குக் கையை நீட்டி ரத்தம் கொடுத்துவிட்டு வந்ததும் நேற்று வரை நான் அறியாத சங்கதி. நான் பாட்டுக்கு டயாலிசிஸ் கட்டிலில் படுத்துக்கொண்டு பக்கத்துக் கட்டில் டெய்லருக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். "இந்த மெஷின்ல இருக்கிற சவ்வு வெறும் சல்லடைய்யா. சின்னது போகும், பெரிசு போகாது, அவ்வளவுதான் அதுக்குத் தெரியும். ஆனா நம்ம ஒவ்வொரு செல்லைச் சுத்தியும் ஒரு சவ்வு இருக்கே, அது ஆள் பார்த்துக் கதவு திறக்கும். சோடியத்தைப் பிடிச்சு வெளிய தள்ளும், பொட்டாசியத்தை உள்ள இழுக்கும். அதுக்கு லீவே கிடையாது" என்றேன். டெய்லர் கண்ணை மூடிக்கொண்டே, "தாகம் அடங்க ஏதாவது வழி இருந்தா சொல்லுங்க சார்" என்றார். எங்களுக்கு நாள் ஒன்றுக்கு முக்கால் லிட்டர் தண்ணீர்தான் அனுமதி. முப்பது வருடம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எனக்கு 'சவ்வு சார்' என்று பேர் வைத்திருந்தது பாடத்துக்காகவா, நான் இழுத்த இழுவைக்காகவா என்று அப்போதுதான் எனக்கே சந்தேகம் வந்தது. அந்த நேரம் பார்த்து டாக்டர் வந்து கையைக் குலுக்கினார். செல் சவ்வின் மேல் ஒவ்வொருவருக்கும் ஓர் அடையாளம் இருக்கும், அந்நிய அடையாளத்தைக் கண்டால் உடம்பின் காவல்படை விடாது, அதனால்தான் அடுத்தவர் கிட்னி லேசில் தங்காது என்று எனக்கே பாடம் நடத்திவிட்டு, "உங்க தம்பி அடையாளம் ஆறுக்கு ஆறு பொருந்துது சார். கூடப் பிறந்தவங்கள்லயே நாலுல ஒருத்தருக்குத்தான் இப்படி அமையும்" என்றார். நீயும் நானும் எதில் பொருந்தியிருக்கிறோம்? ஒரே அறையில் படுத்த காலத்தில் நீ ஜன்னலைத் திறப்பாய், நான் எழுந்து மூடுவேன். இப்படிப்பட்ட இரண்டு பேரின் சவ்வுகள் நம்மைக் கேட்காமலே ஒத்துப்போயிருக்கின்றன.

ஆனாலும் எனக்கு உன் கிட்னி வேண்டாம். வெள்ளிக்கிழமை சம்மதக் கையெழுத்துப் போட ஆஸ்பத்திரிக்கு வராதே. காரணம் நீ மறந்திருக்க மாட்டாய். பள்ளிக்கூட ஆய்வகச் சுவரில் ஆறடிக்கு நாலடி செல் சவ்வுப் படம் வேண்டும், போர்டு எழுதுகிற தம்பி இருக்கும்போது வெளியாள் எதற்கு என்று உன்னைக் கூப்பிட்டேன். செல் சவ்வு என்பது இரண்டு வரிசைக் கொழுப்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு தலை, இரண்டு வால். தலைக்குத் தண்ணீர் பிடிக்கும், வாலுக்குத் தண்ணீர் ஆகவே ஆகாது. அதனால் தலைகள் இரண்டு பக்கமும் வெளியே பார்த்து நிற்கும், வால்கள் நடுவில் ஒளிந்துகொள்ளும். செல்லின் மானம் காப்பாற்றப்படுவதே இந்த ஏற்பாட்டால்தான். நீ என்ன செய்தாய்? தலையை எல்லாம் உள்ளே தள்ளி, வாலை எல்லாம் வெளியே தொங்கவிட்டாய், அதுவும் எனாமல் பெயிண்ட்டில், பளிச்சென்ற மஞ்சளில். ஆய்வுக்கு வந்த அதிகாரி அதன் முன்னால் நின்று, "இந்த செல் தண்ணி பக்கமே போகக்கூடாது போலிருக்கே சார்" என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கு வர வேண்டிய தலைமையாசிரியர் பதவி விளையாட்டு வாத்தியாருக்குப் போனது. அவர் மறுநாளிலிருந்து விசில் ஊதித்தான் என்னைக் கூப்பிட்டார். அதிகாரி வந்த அன்றே, ஓரம் தீட்டிக்கொண்டிருந்த உன்னை அத்தனை பிள்ளைகளுக்கு நடுவில் நிறுத்தி, "தலை எது வால் எதுன்னு தெரியாத தற்குறி" என்று நான் கத்தினேன். "நீ வரைஞ்சு குடுத்ததைத்தானே போட்டேன்" என்று சொல்லி, பிரஷ்ஷை டப்பாவில் போட்டுவிட்டு நீ போனாய், போனவன்தான். அந்தச் சுவருக்கு இரண்டு முறை வெள்ளையடித்தார்கள். மஞ்சள் வால் மட்டும் தெரிந்துகொண்டேதான் இருந்தது. ரிட்டயர் ஆகும்வரை அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் பாடம் நடத்தினேன்.

இப்போது நிலைமை சொல்லும்படி இல்லை. இடது கையில் ஊசி குத்துகிற குழாய் இரண்டு தடவை அடைத்துவிட்டது, வலது கையும் எத்தனை நாள் தாங்கும் என்று தெரியாது என்கிறார்கள். கால் வீங்கிச் செருப்பு நுழைவதில்லை. உன் அண்ணி தண்ணீரை அளந்து ஊற்றிவிட்டு, நான் பார்க்கவில்லை என்று நினைத்துத் தானும் அதே டம்ளரில் அளந்து குடிக்கிறாள். அதைப் பார்த்தால் எனக்குத் தாங்கவில்லை. பயமாத்தான் இருக்கு தம்பி. இருந்தாலும் தப்புச் செஞ்சவன் நீ, உன்கிட்ட நான் எப்படிக் கை நீட்டுறது? வாங்கிக்கிட்டா உன்னை மன்னிச்சாகணும். அதுக்கு இந்தக் கட்டிலே தேவலைன்னு தோணுது. ஆகையால் வராதே.

உன் மனைவிக்கும் மகளுக்கும் என் ஆசிகள். நீ நீண்ட நாள், இரண்டு கிட்னியோடும், ஏறுகிற ஏணியிலிருந்து விழாமலும் வாழ வேண்டும். இதை உன் அண்ணி கையில் கொடுத்தனுப்புகிறேன், தபாலை நம்பினால் வெள்ளிக்கிழமை தாண்டிவிடும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பி.கு.: மேலே எழுதியதில் முக்கால் லிட்டர் தண்ணீர் கணக்கை மட்டும் நம்பு. கவருக்குள் நாலாக மடித்த ஒரு தாள் இருக்கிறது, பிரித்துப் பார். ஓரத்தில் உன் கட்டைவிரல் பட்ட மஞ்சள் பெயிண்ட் இருக்கும். நடுவில் தலையை உள்ளேயும் வாலை வெளியேயும் வரைந்து, அம்புக்குறி போட்டு, 'வால்' என்று எழுதியிருப்பது என் கையெழுத்து. நீ போன அன்று சாயங்காலமே ஏணிக்கடியில் கிடந்ததை எடுத்துப் பார்த்துவிட்டேன். பதினோரு வருஷமா என் மேஜை டிராயர்லதான் இருக்கு. கையெழுத்துப் போட்ட பிறகு உனக்குத் தெரியக்கூடாது, அதான் இப்பவே அனுப்புறேன். இதைப் பார்த்த பிறகும் உனக்கு மனசு இருந்தா வெள்ளிக்கிழமை வா. வரலைன்னாலும் உன் மேல தப்பில்லை. எதுக்கும் நான் காலையிலேயே வந்து ஆஸ்பத்திரி வாசல்ல உட்கார்ந்திருப்பேன்.