போட் மோட்டாரும் போடு மோட்டாரும்

ஒரே ஒரு அணையாம். அணைக்குக் கீழே ஒரே ஒரு கரும்புக் கொல்லையாம். கொல்லைக்காரனுக்கு ஒரே ஒரு பொண்டாட்டியாம். அந்த ஒன்றே அவனுக்கு ஜாஸ்தியாம். கேட்கிறவர்கள் ஊம் கொட்டுங்கள். கொட்டாவி மட்டும் விடாதீர்கள்.

அணை, கோமுகி அணை. கொல்லை, கச்சிராயபாளையத்துக்கு இந்தாண்ட. கொல்லைக்காரன் பேர் வியாகுலம், சர்க்கரை ஆலையில் ஃபிட்டர். பொண்டாட்டி பேர் கிரேஸ். ஆலை மிஷின்கள் எல்லாம் வியாகுலம் சொன்னபடி கேட்கும். வியாகுலம் கிரேஸ் சொன்னபடி கேட்பான். ஆலை யார் பேச்சில் ஓடியது என்று நீங்களே கூட்டிக்கழித்துக்கொள்ளுங்கள்.

இந்த வியாகுலத்துக்கு ஒரு கிறுக்குப் பிடித்தது. படகுக்குப் பின்னால் மாட்டுகிற மோட்டார்மேல் கிறுக்கு. கடலை அவன் பார்த்ததே வேளாங்கண்ணிக்குப் போனபோதுதான், அதுவும் முட்டிவரைக்கும். ஆனால் போனில் பார்த்துப் பார்த்து, அமெரிக்கப் படகுப் பந்தயங்களின் சரித்திரமே அவனுக்கு மனப்பாடம். ஆலையில் யாரும் கேட்கவில்லை. தோசைக் கல்லுக்கு முன்னால் நின்றவள்தான் மாட்டினாள்.

"கிரேஸு, இந்த மோட்டாரு எப்படி வந்துச்சி தெரியுமா? அமெரிக்காவுல ஒருத்தரு. ஓலேன்னு பேரு."

"பனையோலையா, தென்னையோலையா?"

"ஆளு பேருடி! அவரு கட்டிக்கப் போற பொண்ணு ஐஸ்கிரீம் கேட்டுச்சாம். ஏரிக்கு அக்கரையில கடை. துடுப்பு போட்டுக்கினு போயி வாங்கியாந்தாரு. வரதுக்குள்ள உருகி ஓடிப்போச்சி. அந்தக் கடுப்புல செஞ்சதுதான் போட் மோட்டாரு."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா, அவ்ளோதான். மோட்டாரு வந்துடுச்சி."

"ஐஸ்கிரீம் கேட்டதுக்கு மோட்டாரே செஞ்சிருக்காரு. எனக்கு இதுவரைக்கும் குச்சி ஐஸு கூட வர்ல."

வியாகுலம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவன் கதையில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அம்பதுகளுக்குப் போய்விட்டான்.

"அப்புறம் ஆறு சிலிண்டர ஒண்ணுமேல ஒண்ணா அடுக்குனாங்க, இட்லிப் பானை மாதிரி. ஒரு கம்பெனிக்காரரு காட்டுக்குள்ள ஒரு ஏரிய மறைச்சி வெச்சிக்கினு, ராவும் பகலும் நிறுத்தாம ஓட்டிப் பாத்தாரு. ஓடறப்பவே பெட்ரோல் ஊத்துவாங்க. ஒருத்தனுக்கும் தெரியாது."

"பொண்டாட்டிக்குமா?"

வியாகுலத்துக்கு ஒரு நொடி தோசை தொண்டையில் நின்றது. "அது... தெரியல. ரேஸு படகுல ஒக்காந்து ஓட்ட மாட்டாங்க, தெரியுமா? முட்டி போட்டு ஓட்டணும்."

"கோயில்ல முட்டி போடச் சொன்னா மூட்டு வலின்றீங்க."

தோசை ஏன் தொண்டையில் நின்றது என்றால், அதற்கு ஒரு காரணம் உண்டு.

கள்ளக்குறிச்சியில் தீனதயாளன் என்று ஒரு காயலாங்கடைக்காரர். கடலூர்த் துறைமுகப் பக்கமிருந்து வந்த பழைய இரும்புக் குவியலுக்குள் வியாகுலம் அதைப் பார்த்துவிட்டான். ஆறு சிலிண்டர், ஒன்றின்மேல் ஒன்று. துருவேறி, பல்லிளித்து, தவம் செய்கிற கொக்கு மாதிரி ஒற்றைக் காலில் நின்றது. வியாகுலத்துக்கு மேல்மூச்சு வாங்கியது. கோமுகித் தண்ணியில் முதல் ரேஸ் மோட்டாரை ஓட்டியவன் வியாகுலம் என்று கல்வராயன் மலை உச்சிவரைக்கும் சொல்ல வேண்டும் என்று அங்கேயே சங்கற்பம் செய்தான்.

தீனதயாளன் மாற்றுக்கு ஏதாவது இரும்பு கேட்டார். வியாகுலம் கொடுத்தான். எதை? சொல்லவே நாக்கு கூசுகிறது. மாமனார் கல்யாணச் சீராகக் கொடுத்த ஆயில் இன்ஜினை.

கரண்டு மோட்டார் வந்த பிறகு அந்த இன்ஜின் மோட்டார் கொட்டாயில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு சும்மாதான் தூங்கியது. அது போன இடத்தில் இதை நிறுத்தி, அதே தார்ப்பாயைப் போர்த்தினான். எருமை படுத்த இடத்தில் கொக்கு நின்றால் சும்மா இருக்குமா? முட்டிக்கொண்டு தெரிந்தது. ரெண்டு பக்கமும் வைக்கோல் திணித்துச் சரிக்கட்டினான். கிரேஸுக்குத் தெரியவில்லை என்று நம்பினான். அவள் வளர்த்த கருங்கோழி மட்டும் முட்டை இட இடம் இல்லாமல் வீட்டுக்கும் கொல்லைக்கும் கேறிக்கொண்டு அலைந்தது. கோழியை யார் கவனித்தார்கள்?

மடை பார்க்கப் போகிறேன், மடை பார்க்கப் போகிறேன் என்று தினமும் கொட்டாய்க்குப் போய் மோட்டாரைப் பிரித்தான், தேய்த்தான், மாட்டினான். தண்ணீர் கசிகிற இடத்துக்கு ரப்பர் இல்லை. குக்கர் கேஸ்கட்டை உருவி, அறுத்து மாட்டினான். அது சரிப்படவில்லை. அடுப்படிக்குத் திரும்பினால், அலமாரியில் புதுக் கேஸ்கட் ஒன்று சிரித்துக்கொண்டு தொங்கியது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லி அதையும் உருவினான். மோட்டார் சரியாகிவிட்டது.

அப்போதுதான் இடி விழுந்தது. பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜ இடி. மலையில் மழை, கீழே வெறும் இடி. கொல்லைக்கு வருகிற டிரான்ஸ்பார்மர் எரிந்துபோனது.

ஒரு வாரம் போனது. கரண்டு வரவில்லை. கரும்புத் தோகை சுருண்டது. கிரேஸ் கரும்பைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள், கடைசியில் வியாகுலத்தைப் பார்த்தாள்.

"இன்னாங்க, எங்கப்பா இன்ஜின கெளப்பிடலாமா?"

வியாகுலம் மடை பார்க்கிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"அது... அதுக்கு ரிங்கு தேஞ்சிருக்கும்."

"நீங்க ஃபிட்டர்தான?"

"டீசல் லைன் அடைச்சிக்கினு இருக்கும்."

"ஊதினா போவும்."

"எலி கூடு கட்டியிருக்கும் கிரேஸு. பாவம், குட்டி போட்டிருக்கும்."

"எலிக்குப் பாவம் பாக்கறீங்க. கரும்புக்குப் பாக்க மாட்டீங்களா?" குரலை உயர்த்தவில்லை. அவள் குரலை உயர்த்தாதபோதுதான் வியாகுலம் அதிகம் பயப்படுவான். "நாளைக்குக் காலைல தார்ப்பாய எடுக்கறோம். கொளஞ்சியண்ணனையும் கூப்புட்டிருக்கேன்."

கொளஞ்சியப்பன் பக்கத்துக் கொல்லைக்காரர். கூடவே ஊர் ரேடியோ.

வியாகுலம் டவுன் பஸ்ஸைப் பிடித்துக் கள்ளக்குறிச்சிக்கு ஓடினான். பஸ் நின்ற இடமெல்லாம் நிற்க, அவன் உட்கார்ந்த இடத்திலேயே ஓடினான்.

"தீனதயாளன், அந்த ஆயில் இன்ஜின திருப்பிக் குடுத்துடுப்பா. மோட்டார எடுத்துக்கோ. வூட்ல பெரிய கலாட்டா ஆயிடும்."

"அடடா, இன்னா சார், இன்னிக்குக் காலைலதான போச்சி."

"எங்க போச்சி?"

"டிராக்டர்ல ஏத்திக்கினு போயிட்டாங்க சார்."

"எந்த ஊரு?"

தீனதயாளன் தராசுத் தட்டைத் துடைக்க ஆரம்பித்தார். சுத்தமான தட்டை. "கேக்கலியே சார். ஆமா, அந்த மோட்டாரு ஓடுதா?"

"ஓடும். அதுக்கு இன்னா இப்போ?"

"சும்மா கேட்டேன்" என்று தராசைப் பார்த்துச் சிரித்தார். வியாகுலம் இருந்த நிலைமையில் அந்தச் சிரிப்பு அவன் மண்டையில் ஏறவில்லை.

விடிந்தது. கொட்டாய்க்கு முன்னால் கிரேஸ். பக்கத்தில் கொளஞ்சியப்பன், வெளுத்த வேட்டியும் கையில் போனுமாக. நேற்று மாலை வியாகுலமும் ஒரு முடிவுக்கு வந்திருந்தான். உண்மையைச் சொன்னால் இன்றைக்கே சாவு. பொய் சொன்னால் இன்னும் ரெண்டு நாள் தாங்கும்.

கிரேஸ் தார்ப்பாயை உருவினாள். வைக்கோல் சரிந்தது. கொக்கு பளபளவென்று நின்றது.

"இது இன்னாங்க?"

"மோட்டாரு."

"எங்கப்பா இன்ஜினு?"

"சர்வீசுக்கு வுட்டிருக்கேன். அதுக்குப் பதுலா இது. இது போட் மோட்டாரு."

"போட்டா ஓடுமா?"

"போட்லதான் ஓடும்."

"அதான் கேக்கறேன், போட்டா ஓடுமா?"

"போட்... போட்டா ஓடும்."

"தண்ணி எறைக்குமா?"

"எறைக்கும். பேய் மாதிரி எறைக்கும்."

"கேட்டியாண்ணே? எறைக்குமாம்." கிரேஸ் கிணற்றடித் தொட்டியைக் காட்டினாள். கரண்டு போவதற்கு முன்னால் ரொப்பிய கடைசித் தண்ணீர் அதில்தான் இருந்தது. "போடுங்க."

"பெட்ரோல் இல்லியே" என்றான் வியாகுலம், தப்பித்தோம் என்று.

"இந்தாங்க." கேன் அவள் முந்தானைக்குப் பின்னாலிருந்து வந்தது.

"ஆயில் கலக்கணுமே."

"கலந்துதான் இருக்குது."

அங்கேயே அவன் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. ஓட்டிப் பார்க்கிற ஆசை பயத்தின் கண்ணைக் கட்டிவிட்டது. மூணு பேருமாகத் தூக்கி, தொட்டிச் சுவரில் பலகை வைத்து மோட்டாரை இறுக்கினார்கள். கொளஞ்சியப்பன் போனைத் தூக்கிப் பிடித்தார்.

"இன்னாண்ணே, படம் புடிக்கிறீங்க?"

"சும்மா வியாகுலம். குரூப்ல போடத்தான்."

வியாகுலம் கயிற்றைச் சுற்றினான். இழுத்தான். இருமியது. மறுபடி இழுத்தான். தும்மியது. நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது. பற்றினால் மானம் நிற்கும், பற்றாவிட்டால் மாமியார் வீட்டுக்கே செய்தி போகும். புனித அந்தோணியாரை வேண்டிக்கொண்டு, உடம்பு மொத்தத்தையும் கயிற்றில் தொங்கவிட்டு மூன்றாம் தடவை இழுத்தான்.

பற்றியது.

ஒரு விஷயத்தை அவன் மறந்திருந்தான். ரேஸ் மோட்டாருக்கு நியூட்ரல் கிடையாது. பற்றிக்கொண்டால் அடுத்தது ஓட்டம்தான். நூறு யானை சேர்ந்து பிளிறிய மாதிரி ஒரு சத்தம். தொட்டித் தண்ணீர் ஒரே எம்பாக எம்பி, கொளஞ்சியப்பனின் வெளுத்த வேட்டியைத் தாண்டி, வேலியைத் தாண்டி, முதல் நாலு கரும்பு வரிசையில் போய் விழுந்தது. கருங்கோழி பறந்தது. கோழி அவ்வளவு தூரம் பறக்கும் என்று அன்றைக்குத்தான் கொளஞ்சியப்பனுக்கே தெரிந்தது. கண்ணை மூடித் திறப்பதற்குள் தொட்டி காலி. வியாகுலம் பாய்ந்து நிறுத்தினான்.

காதுக்குள் ஙொய் என்றது. கிரேஸின் வாய் அசைவது மட்டும் தெரிந்தது.

"இன்னா?"

அவள் காதண்டை வந்து கத்தினாள். "நல்லாத்தான் எறைக்குது! நாலு வரிசை நனைஞ்சிடுச்சி! ரொப்புங்க!"

"இன்னாத்த?"

"தொட்டிய! ரொப்புனாத்தான இன்னொரு நாலு வரிசைக்கு எறைக்கும்?"

தண்ணீர் இறைக்கிற மோட்டார் என்று சொன்ன வாய் அவன் வாய்தான். வியாகுலம் ராட்டினத்தில் கயிற்றைப் போட்டான். வாளி இறங்கியது, ஏறியது. தண்ணீர் இறைக்கிற மோட்டாருக்கு வியாகுலம் தண்ணீர் இறைத்தான். கிரேஸும் கொளஞ்சியப்பனும் எங்கோ போய்விட்டார்கள். வெயில் ஏறியது. உள்ளங்கை தோல் உரிந்தது. தொட்டி கொஞ்சம் கொஞ்சமாக ரொம்ப, காதடைப்பும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டது.

உச்சி வெயிலில் தொட்டி தளும்பியபோது காது முழுசாகத் திறந்தது. அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

டுக். டுக். டுக். ஹக். டுக். டுக். டுக். ஹக்.

வியாகுலத்தின் கையிலிருந்து வாளி நழுவியது. மூணு அடிக்கு ஒரு விக்கல். உலகத்தில் ஒரே ஒரு இன்ஜின்தான் அப்படி விக்கும். மாமனார் இன்ஜின்!

சத்தம் கொளஞ்சியப்பன் கிணற்றிலிருந்து வந்தது. அங்கிருந்து ஓஸ் பைப்பு ஒன்று மலைப்பாம்பு மாதிரி வேலிக்கடியில் நுழைந்து, வியாகுலம் கரும்பின் மறுகோடியில் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தது. பாதிக் கொல்லை ஏற்கெனவே நனைந்திருந்தது. கிரேஸ் வரப்பில் மண்வெட்டியோடு நின்று மடை மாற்றிக்கொண்டிருந்தாள்.

அதே நேரத்துக்குத் தீனதயாளனின் டெம்போவும் வந்து நின்றது.

"நீங்க அனுப்புன வீடியோ பாத்தேன்மா. தூளா ஓடுது. எடுத்துக்கட்டுமா?"

"எடுத்துக்குங்கண்ணே" என்றாள் கிரேஸ்.

"எத எடுத்துக்கறது?" வியாகுலம் கத்தினான். "கிரேஸு, இன்னாடி நடக்குது இங்க?"

"கோழி முட்டை வைக்க வூட்டுக்கு வந்துச்சி பாருங்க, அன்னிக்கே தார்ப்பாயத் தூக்கிப் பாத்துட்டேன். நேரா இவுரு கடைக்குப் போயி நின்னேன். யாரோ மெட்ராஸ்காரரு பழைய ரேஸு மோட்டாரு சேக்கறாராம். ஓடற நெலைல குடுக்கறேன்னு ஒத்துக்கினா இன்ஜின மொதல்லயே திருப்பித் தரேன்னாரு. ஓடலன்னா இன்ஜின மறுபடி எடுத்துக்கினு போயிடுவேன்னுட்டாரு. எனக்கு ஈரக்கொலையே நடுங்குச்சி. ஆனா வூட்லயே ஃபிட்டர் இருக்காரே, தினமும் மடை பாக்கறாரேன்னு தைரியமா ஒத்துக்கினேன். நேத்து காலைல டிராக்டர்ல ஏத்தியாந்து கொளஞ்சியண்ணன் கெணத்துல வெச்சிட்டோம். ஓஸ் பைப்பு கொசுறு."

"அப்ப அந்த ரெண்டாவது கேஸ்கட்டு..."

"உங்க கண்ணுல படற மாதிரி மாட்டி வெச்சதே நான்தான்."

வேலியோரமாக வந்து நின்ற கொளஞ்சியப்பன் அழுக்கேறிய வேட்டியை உதறிக்கொண்டே, "எனக்கு வேட்டி வேற வாங்கித் தரணும் வியாகுலம்" என்று சொல்லிவிட்டு அவர் கொல்லைப் பக்கம் நடந்தார். டெம்போவில் ஆறு சிலிண்டரும் ஏறின. கோமுகியைப் பார்க்காமலே கள்ளக்குறிச்சிப் பக்கம் திரும்பின. வியாகுலம் தூசி அடங்குகிறவரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றான்.

"அந்த ஐஸ்கிரீம் கதைய நீங்க பாதியிலயே வுட்டுட்டீங்க" என்றாள் கிரேஸ், மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு. "மீதிய நான் போன்ல பாத்தேன். மோட்டாரு செஞ்சது அவரு. கம்பெனி நடத்துனது அந்த ஐஸ்கிரீம் கேட்ட அம்மாவாம்."

வியாகுலம் தொட்டியைப் பார்த்தான். அவன் கையால் இறைத்த தண்ணீர் தளும்பிக்கொண்டு நின்றது. கருங்கோழி வந்து ஒரு வாய் குடித்துவிட்டு, வைக்கோல் கிடந்த கொட்டாய்க்குள் போய் உட்கார்ந்தது.

"எல்லாம் போச்சா கிரேஸு?" என்றான், அழாத குறையாக.

"முட்டி போட்டு ஓட்டற மோட்டாருதான் போச்சி. முட்டி உங்ககிட்டதான இருக்குது? ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு எடுத்துக்கினு வாங்க."

அவள் வரப்போடு நடந்தாள். வியாகுலம் வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவள் பின்னாலேயே நடந்தான்.