மாமனாரின் டி-சர்ட்டைக் கடித்த மீன்

சில பேருக்கு வாய் சும்மா இருக்காது. எனக்குக் கை. பஸ்ஸில் உட்கார்ந்தால் சீட்டுக் கிழிசலில் விரலை விட்டுப் பெரிதாக்குவேன். பேனா கிடைத்தால் மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டுவேன். இந்தக் கையோடு பெண் பார்க்கப் போனது பெரிய தப்பு. பாக்கெட்டில் அந்தக் கத்தியையும் கொண்டுபோனது அதைவிடப் பெரிய தப்பு.

கத்தியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் தள்ளுவண்டியில் கிடந்த மடக்குக் கத்தி. மூடியிருந்தால் அசல் மீன். வயிற்றிலிருந்து பிளேடு வரும், வாலில் சோடா ஓபனர், கண்ணில் சிவப்பு லைட். (மீனுக்கு எதற்கு லைட் என்று கேட்காதீர்கள், நானும் கேட்கவில்லை.) விலை ரோட்டுக்கடையில் ஒரு பிளேட் காளானைவிடக் கம்மி.

நான் அப்போது ஒரு பனியன் கம்பெனியில் க்யூசி. ஒவ்வொரு பீஸையும் திருப்பி, இழுத்து, வெளிச்சத்தில் பிடித்துக் குறை கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். அப்பேர்ப்பட்டவன், கத்தியை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் பார்த்தேன். பிளேடைத் திறந்து மடக்குகிற பட்டன், பிடித்தால் சரியாகக் கட்டைவிரல் உட்காருகிற இடத்தில் இருந்தது. எதையாவது வெட்ட அழுத்தினால் கத்தி மடங்கிக்கொள்ளும்! எங்கள் டேபிளுக்கு வந்திருந்தால் அங்கேயே ரிஜெக்ட் போட்டிருப்பேன். ஆனால் திறந்தால் 'டக்', மூடினால் 'டிக்' என்று ஒரு சத்தம். என் கைக்கு அது போதும். தூக்கிப்போட மனசு வரவில்லை.

பெண் வீடு அவிநாசியில். "கூட்டமெல்லாம் வேண்டாமுங்க, சும்மா காப்பி குடிக்க வர்ற மாதிரி வாங்க" என்று சொல்லியிருந்ததால் அம்மாவும் நானும் மட்டும் போனோம். அதற்கு முன்பு பார்த்த இடங்களெல்லாம் ஏதோ ஒன்றில் தட்டிப்போயிருந்தன. நானும் பெரிதாக வருத்தப்பட்டதில்லை. ஆனால் நித்யாவின் போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இந்த இடம் மட்டும் தட்டிப்போகக் கூடாது என்று எங்கள் வீதிப் பிள்ளையாரைப் படாதபாடு படுத்திக்கொண்டிருந்தேன்.

நித்யாவின் அப்பா சின்னதாக ஒரு தையல் யூனிட் வைத்திருப்பவர். வேட்டிக்கு மேலே தன் யூனிட்டிலேயே தைத்த காலர் டி-சர்ட்டைப் போட்டுக்கொண்டு எனக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"தம்பி எந்த செக்சன்ல இருக்கறீங்?"

"க்யூசிங்க."

டக். டிக். பாக்கெட்டுக்குள் மீன்.

"என்னங் சத்தம் அது?"

"போனுங்க" என்று அம்மா முந்திக்கொண்டு சொல்லிவிட்டு, என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினார்.

"கண்ணு, காப்பி கொண்டா" என்று நித்யாவின் அப்பா உள்ளே குரல் கொடுத்தார். அப்படியே டி-சர்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். அப்போதுதான் அதைப் பார்த்துத் தொலைத்தேன். அடி மடிப்பில் ஒரு நூல் தொங்கிக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் பிசிறு என்போம். திருப்பூர்க்காரன் கண்ணில் பிசிறு பட்டுவிட்டால், அது கல்யாண வீடோ இழவு வீடோ, கை தானாகப் போகும். வேண்டாம்டா, வேண்டாம்டா என்று இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன். ஆனால் என் கண் போன இடத்தை அவரும் பார்த்துவிட்டார். "அட" என்று நூல் நுனியைப் பிடித்து இழுக்கப் போனார்.

"இழுக்காதீங்க!" என்று அலறியேவிட்டேன். அந்தத் தையலில் பிசிறை வெட்டத்தான் வேண்டும், இழுத்தால் மொத்தமும் உருவிக்கொண்டு வந்துவிடும். அவருக்குத் தெரியாததா? ஆனால் அவர் கையை எடுப்பதற்குள் நான் அவர் முன்னால் மண்டி போட்டு, மீனைத் திறந்து, நூலில் வைத்து அழுத்தியாகிவிட்டது.

கட்டைவிரல் எங்கே இருந்தது? பட்டன் மேல். டிக். மீன் மூடிக்கொண்டது, டி-சர்ட்டின் ஓரத்தையும் சேர்த்துக் கவ்விக்கொண்டு.

பட்டனை அமுக்கினேன். திறக்கவில்லை. இன்னும் அமுக்கினேன். பட்டன் தெறித்து சோபாவுக்கு அடியில் ஓடிவிட்டது. லைட் மட்டும் எரிய ஆரம்பித்தது. பதற்றத்தில் ஒரு இழு இழுத்தேன் பாருங்கள், சர்ர்ரென்று அவர் வயிற்றைச் சுற்றி மடிப்பு முழுக்கப் பிரிந்துவிட்டது.

"ஐயோ, மானம் போச்சே" என்று அம்மா முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் நித்யா காப்பித் தட்டோடு வந்தாள். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை, அவள் அப்பாவின் வயிற்றுக்கு நேராக ஒரு கத்தியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறான்.

"அப்பா, அசையாதீங்க" என்றாள். தட்டை வைத்துவிட்டு உள்ளே போய், நூல் வெட்டுகிற டிரிம்மரை எடுத்து வந்து, மீனைச் சுற்றித் துணியை வெட்டி, என் கையில் வைத்தாள். "இந்தாங்க உங்க மீனு."

அவள் அப்பா டி-சர்ட்டில் விழுந்த ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இந்த இடமும் போச்சு, அதுவும் என் கையாலேயே போச்சு.

"இத எதுக்குங்க வாங்குனீங்க?" என்று நித்யா கேட்டாள்.

மனுசனாகப் பிறந்தவன் மன்னிப்புக் கேட்டிருப்பான். நான் சொன்னது இது: "பட்டன் தப்பான எடத்துல இருக்குதுங்க. ஸ்பிரிங் லூசுங்க. பிளேடு மொட்டைங்க. புடிச்சா வழுக்குதுங்க. மொத்தத்துல ரிஜெக்ட் பீசுங்க." மூச்சு வாங்கிவிட்டு, "லைட்டு மட்டும் நல்லா எரியுதுங்க" என்றேன்.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்பா சிரிக்கவில்லை. "போயிட்டு வாங்க, சொல்லியுடறோமுங்க" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியாதா? திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா என்னை விட்டு வேறு சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். நான் உடைந்த மீனை உருட்டிக்கொண்டே வந்தேன்.

நாங்கள் கிளம்பிய பிறகு அங்கே நடந்ததைக் கல்யாணத்துக்கு அப்புறம்தான் நித்யா சொன்னாள்.

"தப்ப மறைக்காம சொல்றாருப்பா" என்றாளாம் இவள்.

"அவன் கத்தியோட தப்பத்தான சொன்னான்! அவனோட தப்ப எங்க சொன்னான்?"

"அதத்தான் நாமளே கண்ணால பாத்துட்டமே. இதுக்கு மேல புதுசா என்ன வந்துரப் போவுது?"

அதற்கப்புறம்தான் அவர் சம்மதம் என்று எங்கள் வீட்டுக்குப் போன் போட்டிருக்கிறார்.

இப்போதும் மாமனார் வீட்டில் எனக்கு விருந்துக்குக் குறைவில்லை. எல்லோருக்கும் கொய்யா வரும், மாம்பழம் வரும், கூடவே கத்தியும் வரும். எனக்கு மட்டும் வாழைப்பழம். அதையும் மாமனாரே உரித்துக் கையில் கொடுத்துவிட்டு, டி-சர்ட்டை வேட்டிக்குள் நன்றாகச் செருகிக்கொண்டுதான் பக்கத்தில் உட்காருவார்.