மறுமுனையில் ஆள் இல்லை

நெட்டையின் மேசையில் மடிக்காத விரிப்புகள் மறுபடியும் மலையாகக் குவிந்துவிட்டன. யாராவது போய் அவளிடம் பேச வேண்டும். அந்த யாராவது தான்தான் என்பது குள்ளிக்கு இன்னும் பழகவில்லை.

பெரிய ஓட்டல்களின் அழுக்கெல்லாம் வந்து சேரும் சலவைக்கூடம் அது. ஒரு சுவரோரம் துவைக்கும் இயந்திரங்கள், எதிர்ச்சுவரோரம் இஸ்திரி உருளைகள், நடுவில் மடிக்கும் மேசைகள். படுக்கை விரிப்பு மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கொரு முனையைப் பிடித்து, ஓங்கி உதறி, பாதியாக்கி, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்துவந்து விரல்களைச் சேர்க்க வேண்டும். ஜன்னலோர மேசையில் பல வருடங்களாக ஒரு முனை நெட்டையுடையது, மறுமுனை குள்ளியுடையது. விரிப்பு அந்த இருவருக்கும் நடுவில் சறுக்குமரம் மாதிரி சாய்ந்து நிற்கும். ஆனால் மடித்து முடித்தால் கத்தியால் வெட்டியது போல இருக்கும்.

போன மாதம் குள்ளியை மேற்பார்வையாளர் ஆக்கினார்கள். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்டால் எங்கே திருப்பி வாங்கிக்கொள்வார்களோ என்று முதல் நாள் பயந்தாள். ஏன் திருப்பி வாங்கிக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள் என்று இரண்டாம் வாரத்திலிருந்து ஏங்கினாள். ஒரு கண்ணாடி அறை கொடுத்தார்கள். சுழலும் நாற்காலி கொடுத்தார்கள். அவளைக் ‘குள்ளி’ என்று கூப்பிட்ட வாய்கள் எல்லாம் ஒரே நாளில் ‘மேடம்’ என்றன. நாமாவது அவளைக் குள்ளி என்றே அழைப்போம்.

நியாயப்படி அந்த நாற்காலி நெட்டைக்கு வந்திருக்க வேண்டும். அவள்தான் மூத்தவள், அவள் பேச்சுக்குத்தான் கூடமே அசையும். அந்த வயிற்றெரிச்சலில்தான் முகம் கொடுத்துப் பேசமாட்டேன் என்கிறாள் என்று குள்ளி முடிவு செய்துவிட்டாள். வேறு ஜோடி போட்டாலும் நெட்டை ஏற்கவில்லை. விரிப்பின் ஒரு முனையைச் சுவர்க் கொக்கியில் மாட்டிவிட்டுத் தனியாக மடித்தாள். கொக்கி நடந்துவருமா? குவியல் வளர்ந்தது.

மேனேஜர் ஒருமுறை எட்டிப் பார்த்தார். “இந்த மாசத்துக்குள்ள அந்தக் குவியல் கரையணும். இல்லேன்னா அந்த உயரமான அம்மாவைக் கீழ்த்தளத்துல ஊறவைக்கிற தொட்டிக்கு மாத்திடுவேன்.”

“ஸார், அங்க வெளிச்சமே இல்லையே!”

“நீங்க தலைமைப் பொறுப்புல இருக்கீங்க. சமாளிங்க.”

சமாளிக்கக் கற்றுக்கொடுக்க ஒருநாள் பயிற்சிக்கும் அனுப்பினார். கழுத்துப்பட்டை கட்டிய பயிற்சியாளர் பலகையில் நாலு கட்டம் போட்டு, தலைமைக்கு நாலு பாணி என்றார். ஆணையிடுவது, கலந்து முடிவெடுப்பது, கேள்வி கேட்டு வளர்ப்பது, விலகி நின்றுவிடுவது. “யாரும் தலைவராப் பொறக்கிறதில்லைங்க. சைக்கிள் மாதிரி. யார் வேணும்னாலும் பழகிக்கலாம்!”

குள்ளிக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. ஆனாலும் கை தட்டினாள்.

அன்று மாலை தன் ஒற்றை அறையில் கண்ணாடி முன் நின்று ஆணையிட்டுப் பார்த்தாள். “செய்ங்க!” என்றாள். பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில் யாரோ சிரித்தார்கள். பிறகு கொடியில் காய்ந்த தன் படுக்கை விரிப்பை எடுத்து, நடுவைத் தாடையால் அழுத்திக்கொண்டு தனியாக மடித்தாள். அது மூட்டை போல வந்தது.

மறுநாள் கூடத்தின் நடுவில் நின்றாள். “இனிமே என்னைக் கேட்காம ஒரு துணியும் மேசையை விட்டு நகரக் கூடாது!”

எல்லோரும் பணிவாகத் தலையாட்டினார்கள். அடுத்த நிமிடமே கண்ணாடி அறை வாசலில் வரிசை. துவைக்கும் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் சோப்பு அண்ணன் முதலில் நின்றார்.

“மேடம், இந்தத் துண்டு. நகரலாமா?”

“நகரட்டும் அண்ணே.”

“இன்னொரு துண்டு இருக்கு. அதுவும் இதே மாதிரிதான். அதுக்கும் இதே உத்தரவா, இல்லே தனியாக் கேக்கணுமா?”

வரிசையின் கடைசியில் எல்லோர் தலைக்கும் மேலே ஒரு தலை. அவள் முறை வந்தபோது விரிப்பை இரண்டு கைகளிலும் குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு நின்றாள்.

“மடிக்கலாமா மேடம்?”

“மடிங்க.”

“நீளவாக்குலயா, அகலவாக்குலயா?”

“அடியே... உனக்குத் தெரியாதா?” என்று குள்ளிக்கு நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. அதற்குள் நெட்டை, “நீங்க எழுந்திரிக்க வேணாம். உக்காந்துக்கிட்டே சொன்னாப் போதும்” என்றாள். வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். குள்ளியின் காது சிவந்தது. குவியல் இரண்டாவது மேசைக்கும் பரவியது.

அடுத்த வாரம் கலந்து முடிவெடுக்கும் பாணி. எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்தாள். “நெட்டைக்கு யார் ஜோடின்னு நாமளே சேர்ந்து முடிவு பண்ணுவோம். இது நம்ம எல்லாரோட கூடம்.”

“நம்ம கூடம்னா அந்த ஜன்னலை மூடச் சொல்லுங்க மேடம்” என்றார் இஸ்திரிக்காரர். “கழுத்துல காத்தடிக்குது.”

“மூடினா நாங்க புழுங்கிச் சாகணுமா?” என்றாள் துண்டு மடிப்பவள்.

ஜன்னலுக்கு முதலில் வாக்கெடுப்பு நடந்தது. சரிபாதி. பாதி திறப்பதா, ஒரு கதவை மட்டும் திறப்பதா என்று ஒரு கிளை விவாதம் ஆரம்பித்தது. சோப்பு அண்ணன் ரகசிய வாக்குதான் வேண்டும் என்று எழுந்து நின்றுவிட்டார். கை தூக்கினால் யார் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடுமாம், அப்புறம் இஸ்திரிக்காரர் அவர் சட்டையைத் தேய்த்துத் தரமாட்டாராம்.

நெட்டையின் ஜோடிக்கு வந்து சேர்ந்தபோது மதியச் சாப்பாட்டு நேரமும் தாண்டிவிட்டது. ஆளாளுக்கு அடுத்தவர் பெயரைச் சொன்னார்கள்.

“இதுல எனக்கும் ஓட்டு உண்டா?” என்றாள் நெட்டை.

“நிச்சயமா!”

“அப்போ எனக்கு யாரும் வேணாம்.” எழுந்தாள். “மேடம் இவ்வளவு நேரம் நின்னுக்கிட்டே பேசறாங்க, யாராவது ஒரு நாற்காலி போடுங்கப்பா. உங்களுக்கெல்லாம் மட்டு மரியாதை கிடையாதா?”

மறுபடியும் சிரிப்பு. இதற்குள் இயந்திரங்களில் துவைத்து முடித்த துணிகள் ஈரத்தோடு கிடந்து நாற ஆரம்பித்துவிட்டன. எல்லாவற்றையும் திரும்பத் துவைக்க வேண்டி வந்தது.

மூன்றாவது பாணியில் தலைவர் பதிலே சொல்லக் கூடாது. கேள்வி மட்டும்தான் கேட்க வேண்டும். எதிராளியின் உள்ளேயே பதில் இருக்கிறதாம். குள்ளிக்கு இந்தப் பாணி பிடித்திருந்தது. கேள்வி கேட்டால் யாராவது பேசித்தானே ஆக வேண்டும்?

“மேடம், கடைசி மிஷின்ல தண்ணி ஒழுகுது” என்று ஓடிவந்தார் சோப்பு அண்ணன்.

“நீங்க என்ன நினைக்கிறீங்க அண்ணே?”

“ஒழுகுதுன்னுதான் நினைக்கிறேன்.”

“அது உங்களுக்கு எப்படித் தோணுது?”

“ஈரமாத் தோணுது மேடம். செருப்புக்குள்ள வந்துடுச்சு.”

“இந்த நிலைமையில ஒரு சிறந்த சோப்பு அண்ணன் என்ன செய்வார்?”

சோப்பு அண்ணன் வெகுநேரம் யோசித்தார். “மெக்கானிக்கைக் கூப்பிடுங்கன்னு மேடம்கிட்ட வந்து சொல்வார்.”

தண்ணீர் அதற்குள் கண்ணாடி அறைக் கதவின் அடியில் மெல்ல எட்டிப் பார்த்தது. கூடம் முழுவதும் ஒரு மெல்லிய ஏரியானது. விளக்குகள் அதில் மிதந்தன. கணுக்கால் நனைய நின்றுகொண்டு, யாருமே வந்து சேராத ஏதோ ஒரு கரையில் நிற்பதுபோல அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள் குள்ளி.

தரை காய்ந்ததும் ஜன்னலோர மேசைக்குப் போனாள். இந்த முறை விடக் கூடாது.

“உங்க பலம் எதுன்னு நினைக்கிறீங்க?”

“உயரம்” என்றாள் நெட்டை, கொக்கியில் விரிப்பை மாட்டியபடி.

“பலவீனம்?”

“கதவு நிலை.”

குள்ளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நெட்டையின் உதட்டோரமும் ஒரு கணம் இழுத்தது. அந்த ஒரு கணத்தைப் பிடித்துக்கொண்டு குள்ளி கேட்டாள், “நான் உங்களுக்கு என்ன உதவி செய்யட்டும்?”

நெட்டை அவளைத் தலையிலிருந்து பாதம்வரை ஒருமுறை பார்த்தாள். பாதத்தில் பார்வை கொஞ்சம் நின்றது.

“ஈரத்துல நிக்காதீங்க. போய் உக்காருங்க. அதுதான் நீங்க செய்யற உதவி.”

இதற்குமேல் என்ன கேள்வி இருக்கிறது?

கடைசி வாரம் விலகி நிற்கும் பாணி. குள்ளி கண்ணாடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே வேலை அமோகமாக நடந்தது. இயந்திரங்கள் நேரத்துக்கு ஓடின. ஜன்னல்கூடத் தானாகப் பாதி திறந்துகொண்டது. அவள் இல்லாமல் எல்லாம் இத்தனை ஒழுங்காக நடக்கும் என்பதை அவள் அங்கேயே உட்கார்ந்து பார்க்க வேண்டியிருந்தது. கண்ணாடிக்கு அப்பால் வாய்கள் அசைந்தன, தோள்கள் குலுங்கின. என்ன நகைச்சுவை என்று காதில் விழவில்லை. சாப்பாட்டு வேளையில் எல்லோரும் நீள மேசையில் நெருக்கி உட்கார்ந்தார்கள். அவள் டப்பாவைத் திறந்து, கண்ணாடியில் தெரிந்த தன் உருவத்தோடு சேர்ந்து சாப்பிட்டாள். அது இவளைவிட மெதுவாகச் சாப்பிடுவதுபோல இருந்தது.

ஒரு மேசை மட்டும் பின்தங்கியது. நெட்டை விரிப்பை உதறினாள், கொக்கிவரை நடந்தாள், கழற்றினாள், திரும்பி நடந்தாள். குவியல் அவள் இடுப்பைத் தாண்டிவிட்டது. நெட்டையின் இடுப்பைத் தாண்டுவது என்றால் சாதாரணமில்லை. மாதம் முடியப்போகிறது. கீழ்த்தளத்தின் இருட்டுத் தொட்டியோரம் அவள் தலை கூரையில் இடிக்க இடிக்கக் குனிந்து நிற்கும் காட்சி குள்ளியின் கண்ணில் வந்தது.

கதவைத் திறந்தாள். யாரையும் பார்க்காமல் நேரே போய்க் கொக்கியிலிருந்து விரிப்பைக் கழற்றி மறுமுனையைப் பிடித்தாள்.

நெட்டை தன் முனையை இறுக்கிப் பிடித்தாள். உதறினாள். விரிப்பு இருவருக்கும் நடுவில் பாய்மரம்போலக் காற்றை வாங்கிப் புடைத்தது. பாதியாக்கினார்கள். நடந்துவந்தார்கள். விரல்கள் தொட்டன. அடுத்தது. அடுத்தது. எந்தப் பாணியும் இல்லை. யார் முன்னால் போகிறார்கள், யார் பின்னால் வருகிறார்கள் என்பதும் இல்லை. குவியல் கரைய ஆரம்பித்தது. கூடமே வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தது.

குள்ளி பழைய வழக்கப்படி ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறி நின்றாள்.

நெட்டையின் கை சட்டென்று நின்றது. விரிப்பை அவள் பிடியிலிருந்து உருவினாள்.

“போதும். மேடம் வேலையை மேடம் பாருங்க.”

“ஏன்டீ? நல்லாத்தானே போயிட்டிருந்தது?”

“இது மடிக்கிறவங்க இடம். நாற்காலி குடுத்தாங்கல்ல? போய் உக்காருங்க!”

குரல் உடைந்திருந்தது. கோபம் என்றுதான் குள்ளிக்குத் தோன்றியது. இத்தனை பேர் முன்னால் அழக் கூடாது என்று வேகமாக நடந்தாள். கண்ணாடி அறையில் நிற்கவில்லை. மாடிப்படி ஏறி மேனேஜர் அலுவலகத்துக்கே போனாள். ஏறும்போதே எல்லாம் தெளிவாகிவிட்டது. நாற்காலியை நெட்டைக்குக் கொடுத்துவிட வேண்டும். வயிற்றெரிச்சல் தீரும், தொட்டிக்குப் போகவும் வேண்டாம். கொக்கியோடு மடித்துக்கொண்டு தான் கீழே கிடந்தால் போதும். நெட்டை அந்தக் கண்ணாடி வழியாக ஒருமுறை திரும்பிப் பார்த்தால்கூடப் போதும்.

மேனேஜர் இல்லை. குமாஸ்தா மட்டும் பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார்.

“இந்தப் பதவி எனக்கு வேணாங்க” என்றாள் குள்ளி மூச்சு வாங்க. “எனக்கு எந்தப் பாணியும் வரலை. நியாயமா நெட்டைக்கு வர வேண்டியது. நான் நடுவுல புகுந்து தட்டிப் பறிச்ச மாதிரி ஆயிடுச்சு. அவளுக்கே குடுத்துடுங்க.”

நனைத்த பிஸ்கட் பாதி உடைந்து டீக்குள் விழுந்தது. குமாஸ்தா அதைக்கூடக் கவனிக்காமல் அவளை ஏறிட்டுப் பார்த்தார்.

“அவங்களுக்குத்தாங்க முதல்ல குடுத்தோம், ‘நின்னு நின்னு குள்ளிக்குக் கால் வீங்கிப்போகுது, வாய் திறந்து சொல்ல மாட்டா, அவளை உக்கார வைங்க, நான் சொன்னேன்னு மட்டும் மூச்சு விட்டுடாதீங்க, நாற்காலியைப் போட்டுட்டு ஓடி வந்துடுவா’ன்னு அவங்கதாங்க அழுதுட்டுப் போனாங்க.”