செக்கிங் மாஸ்டரிடம் போன புளோயர் மோட்டார்

ஆம்பூர் முதல் வேலூர் வரை சலித்தாலும், செக்கிங் மாஸ்டரைப் போல உலகம் மொத்தத்தையும் திருடனாகப் பார்க்கிற மெக்கானிக் கிடைக்கமாட்டார். ஷூ கம்பெனி கேட்டில் ஆட்களைத் தடவிப் பார்த்து அனுப்புவார்களே, அவருடைய ஷெட்டிலும் அதே சோதனைதான். கழற்றிய ஸ்க்ரூவைத் தரையில் வைக்கமாட்டார், யாராவது எடுத்துவிடுவார்களாம். எல்லாம் கன்னத்தில் அடக்கம்.

ஹோட்டலில் தட்டு கழுவி, லாரியில் கிளீனராக அலைந்து, ஒரு தோல் கம்பெனி முதலாளிக்கு அப்போதுதான் டிரைவராகியிருந்தேன். அவருடைய பழைய காரில் ஏசி காற்று நின்றுபோனது.

“நல்ல மோட்டாரைக் கழட்டி வித்துட்டியா? இன்னிக்கு எனக்குக் காரணம் தெரியணும். இல்லன்னா சாவியை வச்சிட்டுக் கிளம்பு” என்றார் முதலாளி.

நான் படுப்பது கம்பெனி குடோனில். வேலை போனால் படுக்கையும் போகும்.

காரை ஷெட்டில் நிறுத்தியதும், மாஸ்டர் முதலில் என் பாக்கெட்டைத் துழாவினார்.

“சீப்பு இன்னாத்துக்கு?”

“தலை வாரத்தான் மாஸ்டர்.”

“இதால டேஷ்போர்டையே நெம்பலாம்” என்று பறிமுதல் செய்தார்.

காற்றைத் தள்ளும் புளோயர் மோட்டார் டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். மாஸ்டர் காலை சீட்டிலும் தலையைத் தரையிலும் வைத்துத் தலைகீழாக நுழைந்தார். நான் டார்ச் பிடித்தேன்.

“இன்னொரு கை எங்க? என் கண்ணு முன்னாடி வை” என்று ஸ்க்ரூக்களுக்கு நடுவே முனகினார்.

மோட்டார் வெளியே வந்தபோது ஒரு ஸ்க்ரூ குறைந்தது. என் செருப்பைக்கூடக் கழற்ற வைத்தார். அப்போது அவருக்குத் தும்மல் வந்தது. ஸ்க்ரூ பறந்துவந்து என் சட்டையில் ஒட்டியது.

“பாத்தியா, உங்கிட்டதான் இருக்குது.”

மோட்டார் விசிறியில் சிவப்புத் தோல் துண்டுகள் சுற்றிக் கிடந்தன. மாஸ்டர் என்னை முறைத்தபடி பானட்டைத் திறந்தார். வெளிக்காற்று நுழையும் வழியிலும் அதே தோலை யாரோ அடைத்து வைத்திருந்தார்கள். சரியாக அந்த நேரம் முதலாளியின் போன். மாஸ்டர் ஸ்க்ரூக்களைக் கையில் துப்பிவிட்டுப் போனைப் பிடுங்கினார்.

“சார், காத்து வர்ற வழியில தோலை அடைச்சது யாரு? நீங்களா?”

“தோல் பதப்படுத்துற டேனரி பக்கம் போனா நாத்தம் தாங்கல மாஸ்டர். அதான் வேஸ்ட் துண்டை...” என்றது போன்.

“அது உள்ள உழுந்து மோட்டாரே கருகிப்போச்சு. புதுசு போட்டுத் தர்றேன். டிரைவரைப் பேஜார் பண்ணாதீங்க. நானே செக் பண்ணிட்டேன், சுத்தமான ஆளு.”

பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன் நான். எந்த ஊரிலும் எவரும் எனக்கு எழுதித் தராத சான்றிதழை, யாரையும் நம்பாத அந்த மனுஷன்தான் வாயால் தந்தார்.