கணினிக்குக் கட்டுரை எழுதியவர்

கிள்ளான் பள்ளத்தாக்கில் கணினிக்கு நிரல் எழுதியவர்கள் எத்தனையோ பேர். கட்டுரை எழுதியவர் ஒருவர்தான்.

எண்பதுகளின் கடைசியில் கிள்ளானில் ஒரு லோரி கம்பெனியில் தற்காலிக வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே அவருடைய சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். எல்லாருக்கும் அவர் ‘கட்டுரை அண்ணே’.

எந்த லோரி எந்த வழியாகப் போக வேண்டும் என்று கணினி சொல்லும். அந்த நிரலை அவர் தனியாக எழுதமாட்டார். ஒரு கட்டுரை எழுதி, பத்திகளுக்கு நடுவே நிரலின் வரிகளை வைப்பார். தினமும் காலையில் கணினி அதிலிருந்து நிரலை மட்டும் பிரித்தெடுத்து ஓட்டும். மனிதர்களுக்கு முழுக் கட்டுரையும் அச்சாகும். ரவாங்குக்குப் போகும் லோரி ஏன் முதலில் கிளம்புகிறது என்பதற்கு ஓட்டுநரின் மாமியார் வரை காரணம் இருக்கும்.

“மெஷினுக்கு எதுக்குண்ணே இவ்ளோ விளக்கம்?”

“மெஷின் எங்க கேக்குது லா? நாளைக்கு இத தொடப்போறவன் மனுசன் தானே? அவனுக்கு.”

அவர் ஈப்போவுக்குக் கல்யாணத்துக்குப் போன அன்று மேரு சாலையில் வெள்ளம். காப்பார் ஊர் வழியாக லோரிகளைத் திருப்ப வேண்டும். நான் கட்டுரையைப் படிக்க எடுத்தேன்.

“தம்பி, பரீட்சையா எழுதப்போற? கதைய விட்டுட்டு புரோகிராம மட்டும் மாத்து!” என்றார் முதலாளி.

பிரித்தெடுத்த நிரலிலேயே மாற்றினேன். லோரிகள் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தன. முதலாளி ஒரு கிளாஸ் தே தாரேக் டீ வாங்கிக் கொடுத்தார்.

மறுநாள் காலை கணினி வழக்கம்போல் கட்டுரையிலிருந்து நிரலைப் புதிதாகப் பிரித்தெடுத்தது. கட்டுரையில் என் திருத்தம் ஏது? லோரிகள் பழைய வழியில் போய், மேருவில் இடுப்பளவு தண்ணீரில் நின்றன.

“நாளையிலேர்ந்து வராதே!” என்றார் முதலாளி.

வீட்டில் சம்பாதிப்பவன் நான் ஒருவன்தான். பையை எடுத்தேன். அப்போது கல்யாணப் பலகாரப் பையோடு கட்டுரை அண்ணே உள்ளே வந்தார். விஷயத்தைக் கேட்டார்.

“பாஸ், அவன அனுப்பாதீங்க. தப்பு என் கட்டுரையோடது.”

“என்னய்யா, கட்டுரையா லோரிய தண்ணில விட்டுச்சு?”

“ஆமா பாஸ். மாத்தணும்னா கட்டுரையிலதான் மாத்தணும்னு கடைசிப் பக்கத்துல எழுதியிருக்கேன். அவசரத்துல இருக்கறவன் அவ்ளோ தூரம் வருவானா?”

“அப்போ உன்னத்தான் அனுப்பணும்!”

“அனுப்புங்க. ஏன் அனுப்புனீங்கன்னு விளக்கமா எழுதி வச்சிட்டுப் போறேன்.”

முதலாளியின் முகம் வெளுத்தது. “வேணாம்யா, அத யாரு படிக்கறது! ரெண்டு பேரும் போய் வேலையப் பாருங்க.”

மத்தியானம் அண்ணே கட்டுரையின் முதல் பத்தியைத் திருத்தி எழுதிவிட்டு, என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தார். “படிச்சுப் பாரு. புரியலன்னா சொல்லு, மறுபடி எழுதறேன்.”

முதல் வாசிப்பிலேயே புரிந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நேரம் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாமே என்று, “இன்னொரு தடவ சொல்லுங்கண்ணே,” என்றேன்.